நான்கு மீட்டர் வண்டியும் ஐந்து லட்சம் ரூபாயும்

இந்தியாவில் இன்று 'சிறிய எஸ்.யூ.வி.' என்று அழைக்கப்படும் வண்டி பொறியியல் வரையறையிலிருந்து பிறந்ததல்ல. வரிச் சட்டத்திலிருந்து பிறந்தது. நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மிகாத கார்களில், பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.க்குள்ளும் டீசல் இன்ஜின் 1,500 சி.சி.க்குள்ளும் இருப்பவற்றைச் சிறிய கார் என்று வகுத்து, அவற்றின் உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாக 2006-07 மத்திய பட்ஜெட் குறைத்தது. அதன் பின்னர், உயரமான இருக்கையும் மிகுதியான தரையிடைவெளியும் கொண்ட வண்டிகளைக்கூட அந்த நான்கு மீட்டருக்குள் அடக்கிவிடத் தயாரிப்பாளர்கள் முனைந்தனர். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது மேல்வரி விதிப்பதற்காக எஸ்.யூ.வி. என்பதற்கே ஒரு விளக்கம் தரப்பட்டது. நீளம் நான்கு மீட்டரைத் தாண்ட வேண்டும், இன்ஜின் 1,500 சி.சி.யைத் தாண்ட வேண்டும், தரையிடைவெளி 170 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்ற அந்த விளக்கத்தின்படி பார்த்தால், மக்கள் எஸ்.யூ.வி. என்று சொல்லி வாங்கும் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட், டாடா நெக்ஸான், ஹூண்டாய் வென்யூ ஆகிய எதுவுமே சட்டத்தின் கண்ணில் எஸ்.யூ.வி. அல்ல. அவை உயரம் கூட்டப்பட்ட சிறிய கார்கள். பழைய வண்டி தேடுபவருக்கு இந்தச் செய்தி மிகவும் உதவக்கூடியது. ஏனெனில், இத்தகைய வண்டியிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது இதிலிருந்தே தெளிவாகிறது.

பொலிரோ, ஸ்கார்ப்பியோ போன்ற வண்டிகளில் ஏணி வடிவ இரும்புச் சட்டம் ஒன்று அடியில் தனியாக இருக்க, அதன்மீது உடற்கூடு பொருத்தப்படுகிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் 'சேசிஸ் வண்டி' என்கிறார்கள். மேலே சொன்ன சிறிய வண்டிகளும் அவற்றைவிடச் சற்றுப் பெரிய ரெனோ டஸ்டர், ஹூண்டாய் கிரெட்டா போன்றவையும் மோனோகாக் எனப்படும் அமைப்பைச் சேர்ந்தவை, அதாவது தனிச் சட்டம் ஏதுமின்றி உடற்கூடே எடை தாங்கும் அமைப்பாகவும் இருப்பவை. இதன் விளைவாக அவை எடை குறைந்தும் எரிபொருள் சிக்கனமாகவும் குலுக்கல் இல்லாமலும் ஓடுகின்றன. எனினும், ஒரு பெரிய மோதலில் தூணோ முன்பக்க ஏப்ரானோ (பானெட்டுக்கு உள்ளே இருபுறமும் சக்கரத்துக்கு மேல் செல்லும் தகடு) வளைந்துவிட்டால், பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து வெளித்தோற்றத்தைச் சரிசெய்துவிட முடியுமே தவிர, வண்டியின் எலும்பைப் பழைய வலுவுக்குக் கொண்டுவருவது அரிது. ஆகவே, சேசிஸ் வண்டியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய அடியை மோனோகாக் வண்டியில் பொறுத்துக்கொள்ளலாகாது.

ஐந்து லட்சம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் வண்டி தேடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால், அவர்கள் முதலில் எழுப்பும் வினா 'எந்த மாடல் நல்லது?' என்பதாகவே இருக்கும். இயல்பான வினாதான், ஆனால் புதிய வண்டி வாங்குபவருக்கு அது எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு பழைய வண்டி வாங்குபவருக்குப் பொருந்தாது. ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் ஒரே மாதிரியாக இருந்த இரண்டு வண்டிகள், எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு பொருள்களாக ஆகிவிடுகின்றன. ஆயில் மாற்றிய இடைவெளி, ஓடிய சாலை, நின்ற இடம், மூழ்கிய வெள்ளம், பழுது பார்த்த கை ஆகியவை சேர்ந்துதான் நம்பகத்தன்மையை முடிவுசெய்கின்றன. மாடலின் பெயர் தேடலைச் சுருக்க உதவும்; அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது பிழை. நல்ல பெயர் பெற்ற மாடலின் கெட்டுப்போன வண்டியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதைக் காட்டிலும், பெயர் குறைந்த மாடலின் நன்கு பேணப்பட்ட வண்டியை வாங்குவதே அறிவுடைமை.

இருப்பினும் மாடல்களைப் பற்றிய அறிவு இல்லாமல் சந்தைக்குள் போக முடியாது. இந்த விலைக்குள் கிடைக்கும் வண்டிகளில் பல சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளிலேயே உருவானவை என்பதால் தமிழ்நாட்டு மெக்கானிக்குகளுக்கு அவை நன்கு பழகியவை. 2012 ஜூலையில் விற்பனைக்கு வந்த டஸ்டரும், அடுத்த ஆண்டு அதே வண்டியை வேறு முகத்துடன் நிசான் விற்ற டெரானோவும் ஓரகடத்தில் தயாரானவை. 2013-இல் வந்த ஈக்கோஸ்போர்ட் மறைமலை நகரில் தயாரானது. 2015-இல் வந்த கிரெட்டாவும் 2019-இல் வந்த வென்யூவும் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாரானவை.

டஸ்டரில் பெரும்பான்மையாகக் கிடைப்பது கே9கே எனப்படும் 1.5 லிட்டர் டீசல் இன்ஜின். 85 குதிரைத்திறனிலும் 110 குதிரைத்திறனிலும் அது விற்கப்பட்டது. நிசான் சன்னி, மஹிந்திரா வெரிட்டோ ஆகியவற்றிலும் இதே இன்ஜின் குடும்பம் இருந்ததால், டஸ்டரின் உற்பத்தி 2022-இல் நின்ற பின்னும் உதிரிபாகங்களுக்கு முற்றிலும் வழியற்றுப்போகவில்லை. 205 மில்லிமீட்டர் தரையிடைவெளியும், குழி விழுந்த சாலையை உள்ளே உணர்த்தாத சஸ்பென்ஷனும் இதன் உண்மையான சிறப்புகள்; மலைச்சாலையிலும் மண்சாலையிலும் அடிக்கடி ஓட வேண்டியவருக்கு இந்த விலையில் இதற்கு இணை சொல்வது கடினம். ஆயினும், இந்த இன்ஜினின் டைமிங் பெல்ட் விற்பனையாளரிடம் முதலில் கேட்டறிய வேண்டிய பொருள். இன்ஜினின் கீழ்ப்பகுதியில் சுழலும் கிராங்க் தண்டையும் மேற்பகுதியில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் ஒரே தாளத்தில் இணைப்பது இந்தப் பல்வரிசை கொண்ட ரப்பர் பட்டை. ஓடும்போது அது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதி இன்ஜினின் தலைப்பகுதியே பாழாகிவிடும். உரிமையாளர் கையேடு சொல்லும் கிலோமீட்டரிலோ ஆண்டிலோ பெல்ட்டும் அதன் டென்ஷனரும் மாற்றப்பட்டதற்கான ரசீது இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொண்டு, அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேச வேண்டும்.

ஈக்கோஸ்போர்ட்டின் நிலை சற்று வேறுபட்டது. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, சர்வீஸும் உதிரிபாகங்களும் தொடரும் என்று உறுதியளித்திருந்த போதிலும், பழைய வண்டிச் சந்தையில் ஈக்கோஸ்போர்ட்டின் மதிப்பு சரிந்தது. விற்பவருக்கு இது இழப்பு. சிக்கனமாக வாங்குபவருக்கோ இது உண்மையான வாய்ப்பு. வண்டியின் உருக்கு உறுதியும் ஸ்டியரிங்கின் நேர்த்தியும் அந்த அறிவிப்பால் குறைந்துவிடவில்லை. ஆனால் ஒரே பெயரில் விற்ற பல ஈக்கோஸ்போர்ட்டுகளில் எது எது என்பதைப் பிரித்தறிய வேண்டும். 1.0 லிட்டர் ஈக்கோபூஸ்ட் பெட்ரோல் இன்ஜினில் டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலில் நனைந்தபடியே ஓடுகிறது; குறிப்பிட்ட தரத்து ஆயிலை ஊற்றாமல் வேறொன்றை ஊற்றினாலோ நெடுநாள் மாற்றாமல் விட்டாலோ பெல்ட் துகள்துகளாக உதிர்ந்து, ஆயிலை உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். 2017-க்கு முந்தைய பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்த இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி, கிளட்ச் அதிர்வுக்காகப் பல நாடுகளில் குறை சொல்லப்பட்ட வகையைச் சேர்ந்தது. இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டு, 1.5 லிட்டர் பெட்ரோல் மேனுவலையோ, பெல்ட் மாற்றிய சான்றுள்ள 1.5 லிட்டர் டீசலையோ தேடுவது பாதுகாப்பானது. அதிகாரபூர்வ சர்வீஸ் நிலையம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பதைச் சென்னைவாசியைவிட ஒரு சிறுநகரவாசி கூடுதலாக எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கும்.

பிரெஸ்ஸா 2016 மார்ச்சில் வந்தது முதல் 2020 வரை ஒரே ஒரு இன்ஜினுடன், அதாவது ஃபியட் வடிவமைத்த 1,248 சி.சி. டீசல் இன்ஜினுடன் மட்டுமே விற்கப்பட்டது. ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா ஆகிய மாருதி வண்டிகளிலும், ஃபியட் புன்டோவிலும், டாடாவின் சில கார்களிலும் ஓடிய அதே இன்ஜின் அது. அதனால் அதைப் பிரித்துக் கட்டத் தெரியாத மெக்கானிக் உள்ள ஊரைத் தமிழ்நாட்டில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். டைமிங்குக்குப் பெல்ட் அல்ல, சங்கிலி. ஏறத்தாழ 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே டர்போ விழித்துக்கொள்ளாததால் நகர நெரிசலில் சற்றே மந்தமாக இருக்கும் என்பதும், உள் அலங்காரம் எளிமையானது என்பதும் இதன் குறைகள். பி.எஸ்.6 மாசு விதி நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசலைக் கைவிட்டுவிட, 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் அதன் இடத்துக்கு வந்தது. தேவை மிகுந்திருப்பதால் பிரெஸ்ஸாவின் விலை இறங்க மறுக்கிறது. ஐந்து லட்சத்துக்குள் தேடினால் அதிகம் ஓடிய வண்டிகளே கண்ணில் படும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நல்லது. ஹோண்டா டபிள்யூ.ஆர்.-வி. பற்றிப் பலரும் பேசுவதில்லை; ஜாஸ் காரின் உயரம் கூட்டப்பட்ட வடிவமான அதன் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வேகத்துக்குப் பேர்போனதல்ல என்றாலும், டர்போ இல்லாத அந்த எளிய இன்ஜின், மிச்சம் பிடித்து வாழும் குடும்பத்துக்கு மிகப் பொருத்தமான ஒன்று.

டீசலா பெட்ரோலா என்ற கேள்விக்கு விருப்புவெறுப்பைக் கொண்டு விடை காண்பதைவிட ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு விடை காண்பதே முறை. மாதம் 800 கிலோமீட்டர், ஆண்டுக்கு 9,600 கிலோமீட்டர் ஓடும் ஒரு குடும்பத்தின் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டரும் டீசல் வண்டி 19 கிலோமீட்டரும் தருவதாகவும், பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டுச் செலவு பெட்ரோலில் ஏறத்தாழ 68,600 ரூபாய், டீசலில் ஏறத்தாழ 46,500 ரூபாய் ஆகிறது. மிச்சம் 22,000 ரூபாய். பழைய டீசல் வண்டியில் எரிபொருளை மிகை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள், காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ, இன்ஜின் அதிர்வை உறிஞ்சும் இரட்டைத் திணிவு ஃபிளைவீல் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று செலவு வைத்தாலே அந்த ஓராண்டு மிச்சம் கரைந்துவிடும். ஆகவே மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு டீசலும், பள்ளிக்கும் கடைக்கும் அலுவலகத்துக்குமாகக் குறுந்தொலைவு ஓடுபவருக்குப் பெட்ரோலும் ஏற்றவை. 2020-க்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசலில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி, வண்டி சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறினால்தான் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். நகரத்துக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கை எரியவிடும். பெட்ரோல் வண்டியும் கவலையற்றதல்ல: 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல வண்டிகள் 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைக் கருத்தில்கொண்டு வடிவமைக்கப்பட்டவை. பங்க்குகளில் இன்று கிடைப்பதோ 20 விழுக்காடு கலந்தது என்பதால், எரிபொருள் ரப்பர் குழாய்களில் வெடிப்பும் கசிவும் உள்ளதா என்று பார்ப்பதும், மைலேஜ் சற்றுக் குறையும் என்று எதிர்பார்ப்பதும் தேவை.

விலைக் குறைவுக்காக எதை விட்டுக்கொடுத்தாலும் ஏர்பேக்கை விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். முன்பக்கப் பயணிக்கான ஏர்பேக் கட்டாயமானது அதற்கும் பின்னரே. ஆகவே, அதற்கு முந்தைய அடிப்படை வேரியன்ட்டுகளில் பல ஏர்பேக் இல்லாமலே விற்கப்பட்டவை. குளோபல் என்கேப் அமைப்பு 2017-இல் ஏர்பேக் இல்லாத டஸ்டரை மோதிச் சோதித்தபோது பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை; ஓட்டுநர் ஏர்பேக் உள்ள டஸ்டருக்கு மூன்று கிடைத்தது. இரண்டு ஏர்பேக்குகளுடன் சோதிக்கப்பட்ட பிரெஸ்ஸா 2018-இல் நான்கு நட்சத்திரங்களையும், மேம்படுத்தப்பட்ட நெக்ஸான் அதே ஆண்டு டிசம்பரில் ஐந்து நட்சத்திரங்களையும் பெற்றன. ஒரே மாடலின் இரண்டு வேரியன்ட்டுகளுக்கிடையே முப்பதாயிரம் நாற்பதாயிரம் வேறுபாடு இருந்தால், அந்தப் பணம் அலாய் வீலுக்கும் டச் ஸ்கிரீனுக்கும் போகிறதா, ஏர்பேக்குக்கும் ஏ.பி.எஸ். பிரேக்குக்கும் போகிறதா என்பதைப் பார்த்து, பின்னதற்கு மனமுவந்து கொடுக்க வேண்டும்.

வண்டியை நேரில் பார்க்கச் செல்வது காலையில், அதுவும் இன்ஜின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது அமைய வேண்டும். 'வரும்போது ஸ்டார்ட் பண்ணி வைக்காதீர்கள்' என்று விற்பவரிடம் முந்தைய நாளே சொல்லிவைப்பதில் தவறில்லை. பானெட்டைத் திறந்து கையை வைத்துப் பார்த்து, சூடு இல்லை என்று உறுதிசெய்த பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும். செல்ஃப் இழுக்கும் நேரமும் முதல் சில நொடிகளின் சத்தமும் சைலன்சரிலிருந்து வரும் முதல் புகையும் அப்போதுதான் உண்மையைச் சொல்லும். நீலப் புகை ஆயில் எரிவதையும், நிற்காமல் தொடரும் அடர்ந்த வெண்புகை கூலன்ட் உள்ளே கசிவதையும், டீசலில் மிதிக்கும்போதெல்லாம் கிளம்பும் கரும்புகை இன்ஜெக்டர் அல்லது டர்போ கோளாறையும் குறிக்கக்கூடும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் வாய்மேல் தலைகீழாக வைத்தால், அது மெல்ல நடுங்கினால் போதும். உள்ளிருந்து புகை புஸ்புஸ்ஸென்று வந்து மூடியைத் தள்ளிவிட்டால், மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்று சொல்லும் நோய் அது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, எரிந்த வாயு சிலிண்டரைத் தாண்டிக் கீழிறங்குவதுதான் அதன் பொருள். அத்தகைய இன்ஜினைச் சரிசெய்ய, வண்டியின் விலையில் கணிசமான பங்கு தேவைப்படும்.

தமிழ்நாட்டில், குறிப்பாகச் சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும், வாங்குபவர் அஞ்ச வேண்டிய பெருங்கேடு வெள்ளம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எண்ணற்ற கார்கள் தண்ணீரில் நின்றன. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பு என்று ஒதுக்கிய வண்டி ஏலத்தில் போய், காய்ந்து, கழுவி, மணமூட்டி, வேறு மாவட்டத்தில் புதுப்பொலிவுடன் விற்பனைக்கு நிற்பது நடக்கக்கூடியதே. நீரில் மூழ்கிய காரின் மின்னிணைப்புகள் உடனே சாவதில்லை. ஒன்றிரண்டு மழைக்காலங்கள் கழித்து, ஒவ்வோர் இணைப்பாகப் பச்சை பிடித்து, காரணம் கண்டறிய இயலாத கோளாறுகளாக வெளிப்படுவதே வழக்கம். வெளியே எவ்வளவு மெருகேற்றினாலும் யாரும் கழுவ நினைக்காத சில இடங்கள் உண்டு. சீட் பெல்ட்டை அதன் கடைசி வரை மெதுவாக இழுத்துப் பார்த்தால், சுருளின் உள்ளே இருந்த பகுதியில், பழுப்பு நிறத்தில் நேர்கோடாக ஒரு கறை படிந்திருக்கும். தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. சீட்டுக்கு அடியில் தண்டவாளம் போன்ற கம்பியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூலையில் விரல் நுனியில் ஒட்டும் நுண்மணல், ஹெட்லைட்டுக்குள் படிந்த நீர்மூட்டம், தரைவிரிப்பைத் தூக்கினால் எழும் ஈர வாடை ஆகியவையும் அதையே சொல்லும். இவற்றுள் இரண்டு தென்பட்டாலே, விலை எவ்வளவு ஆசை காட்டினாலும் திரும்பிவிட வேண்டும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் ஓடிய வண்டிக்கு அடிப்பகுதித் துருவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விபத்தின் தடயத்தைக் கண்டறிய, கதவுகள், பானெட், ஃபெண்டர் ஆகியவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பார்ப்பதே எளிய வழி. ஆலையில் பூசிய பெயின்ட் அவற்றின்மீது உடையாமல் இருந்தால் அந்தப் பாகம் கழற்றப்படவில்லை. கண்ணாடிகள் ஒவ்வொன்றின் மூலையிலும் தயாரிப்பு ஆண்டைக் குறிக்கும் குறியீடு இருக்கும். ஐந்து கண்ணாடிகள் ஓர் ஆண்டையும் ஆறாவது வேறோர் ஆண்டையும் காட்டினால் காரணம் கேட்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பதால், 2319 என்பது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 2018 மாடல் வண்டி 25,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லப்பட்டு, நான்கு டயர்களும் 2022-இல் தயாரானவையாக இருந்தால், மீட்டர் குறைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐயப்பட இடமுண்டு. தேய்ந்து வழவழப்பான பிரேக் மிதியும் பளபளக்கும் ஸ்டியரிங் வளையமும் மீட்டரைவிட நேர்மையானவை.

காகிதங்களின் பகுதி சலிப்பூட்டுவது. ஆனால் பணம் முழுவதும் தொலைவது பெரும்பாலும் இங்கேதான். ஆர்.சி.யில் எத்தனையாவது உரிமையாளர் என்பதையும், ஹெச்.பி. எனப்படும் கடன் பதிவு நீக்கப்பட்டதா என்பதையும், வண்டி முன்பு டி-போர்டாக, அதாவது வாடகை வண்டியாக, ஓடியதா என்பதையும் வாஹன் பதிவேட்டில் சரிபார்த்து, சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்துள்ள எண்ணோடு ஓர் இலக்கம் விடாமல் ஒப்பிட வேண்டும். கடன் இருந்து முடிந்திருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவையும், வேறு பதிவெல்லைக்குச் செல்ல வேண்டுமானால் படிவம் 28-உம் தேவை. 'டெல்லி வண்டி' மலிவாகக் கிடைப்பதன் காரணம் தேசியத் தலைநகர்ப் பகுதியில் பத்தாண்டைக் கடந்த டீசல் வண்டிகளுக்கு வந்த தடை. அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தால் வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரியை இங்கே மீண்டும் கட்ட வேண்டும் என்பதால், அந்த மலிவு பாதி வழியிலேயே கரைந்துவிடுகிறது.

பலர் கவனிக்கத் தவறும் ஒரு சான்று, விற்பவரின் காப்பீட்டுப் பத்திரம். அதில் 'நோ கிளெய்ம் போனஸ்' என்ற வரியில், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கேற்ப 20, 25, 35, 45, 50 என்று விழுக்காடு ஏறிச்செல்லும். 50 என்று இருந்தால் ஐந்து ஆண்டுகளாகப் பெரிய மோதலுக்கு இழப்பீடு கேட்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். சுழியம் என்று இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். இந்தப் போனஸ் உரிமையாளருக்கு உரியதேயன்றி வண்டிக்கு உரியதன்று என்பதால், வாங்குபவரின் முதல் பிரீமியம் விற்பவர் கட்டியதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பெயர் மாற்றிய 14 நாள்களுக்குள் காப்பீட்டையும் மாற்றிக்கொள்ளாவிட்டால், சொந்த வண்டிக்கு நேரும் சேதத்துக்கு இழப்பீடு பெறுவதில் சிக்கல் வரும். பெயர் மாற்றத்தை விற்பவரும் அலட்சியப்படுத்த முடியாது. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு விபத்துப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை எடுத்துச் சொன்னால் தயங்கும் விற்பனையாளரும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு உடன்வருவார்.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, நேரடியாக உரிமையாளரிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை, பதிவுபெற்ற வணிகர் 2025 முதல் தமது லாபப் பகுதியின்மீது 18 விழுக்காடு கட்டுகிறார், அது எப்படியும் விலையில் வந்து சேரும். கார் கன்சல்டிங் கடைகளில் தெரிவு மிகுதி. உரிமையாளரிடம் உரையாடல் மிகுதி. வண்டியை விற்கும் காரணத்தையும், கடைசியாக கிளட்ச் எப்போது மாற்றினார் என்பதையும், எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டார் என்பதையும் ஓட்டியவரிடமே கேட்டு, அந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுக்க முடியும் என்பதால், விலை பத்தாயிரம் கூடினாலும் உரிமையாளரிடம் வாங்குவதே மேல். எங்கு வாங்கினாலும், டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன், விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துச் சென்று, வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் செய்ய வேண்டும். அதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

கையில் இருப்பது ஐந்து லட்சம் என்றால், வண்டியின் விலை நான்கேகால் லட்சத்தைத் தாண்டக் கூடாது. மீதமுள்ள 75,000 ரூபாய், பெயர் மாற்றக் கட்டணத்துக்கும் காப்பீட்டுக்கும் போக, வாங்கிய முதல் மாதத்திலேயே செலவாகிவிடும் பணம். 16 அங்குல டயர்கள் நான்கையும் மாற்றவே முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி ஆகும். பேட்டரி, பிரேக் பேடு, சஸ்பென்ஷன் புஷ், லிங்க் ராடு ஆகியவை வரிசையாகக் காத்திருக்கும். முழுத் தொகையையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு, பராமரிப்பைச் சம்பளத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுபவர், ஒவ்வொரு பழுதையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளித் தள்ளி, நல்ல வண்டியையும் கெட்ட வண்டியாக்கிவிடுகிறார். இதே காரணத்தால்தான் இந்தத் தொகையில் ஆட்டோமேட்டிக் கியரைத் தேடுவது உகந்ததல்ல. மேனுவல் கியரில் கிளட்ச் தேய்ந்தால் அந்தச் செலவோடு கணக்கு முடிந்துவிடும், சி.வி.டி. அல்லது இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி பழுதானால் அந்த 75,000 முழுவதும் போதாமற்போகலாம்.

முதல் வாரத்தில், முந்தைய உரிமையாளர் என்ன சொல்லியிருந்தாலும், இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றையும் எல்லா ஃபில்டர்களையும் மாற்றிவிட வேண்டும். அந்த நாளிலிருந்துதான் வண்டியின் கணக்கு புதிய உரிமையாளருக்குத் துல்லியமாகத் தெரியத் தொடங்குகிறது. பெல்ட் வண்டியாக இருந்தால் டைமிங் பெல்ட்டையும் அப்போதே மாற்றிவிடலாம். பொறுப்புள்ள மெக்கானிக், பெல்ட் மாற்றியதும் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சிறிய ஸ்டிக்கரில் எழுதி இன்ஜின் மூடியின் ஓரத்தில் ஒட்டிவைப்பார். வாங்கப்போகும் வண்டியின் பானெட்டைத் திறந்தவுடன், ஆயில் பிசுக்குப் படிந்து, மை மங்கி, முந்தைய மெக்கானிக்கின் கையெழுத்தில் அத்தகைய ஸ்டிக்கர் ஒன்று கண்ணில் பட்டால், விலையை அதற்கு மேல் அதிகம் இழுத்துப் பேசாமல் வாங்கிவிடலாம்.